ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

போசோ சலாதோவில் சூரியனுக்கும் நெரெய்தாவின் அடுப்படி ஜன்னலுக்கும் தினமும் போட்டி, யார் முதலில் திறப்பது என்று. சூரியன் இதுவரை ஜெயித்ததில்லை. அந்த வெட்கத்தில்தான் அது சிவந்துபோய் எழுகிறது என்று ஊரில் சொல்வார்கள். உப்பளத்தில் வேலை செய்கிற ஜனங்கள். பொய் சொல்லி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஜன்னலுக்கு உள்ளே எண்ணெய்ச் சட்டி, சட்டிக்குப் பின்னால் நெரெய்தா. மாவு உருண்டையை உள்ளங்கையால் தட்டித் தட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரித்து, எண்ணெயில் நழுவ விடுவாள். யானிகேக்கே பொருமிக்கொண்டு மேலே வரும். எடுத்து உதறி ஒரு சிட்டிகை உப்பைத் தூவுவாள். அந்த உப்பு அவள் புருஷன் எவாரிஸ்தோ பாத்தியில் வாரிய உப்பு. ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்கும். உப்பளத்துக்குப் போகிறவர்கள், மீன் வாங்க வந்தவர்கள், பானி டவுனுக்குப் பஸ் பிடிக்கிறவர்கள். ஆனால் அவளிடம் சும்மா எதையும் வாங்கிவிட முடியாது. கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் மாவு எண்ணெய்க்குள் போகும்.

“எங்கலே கிளம்பிட்டே?”

“உப்பளத்துக்குத்தான்க்கா.”

“உப்பளம் கிழக்க இருக்கு. நீ வடக்க இருந்துல்லா வாரே? ராத்திரி எங்க தங்கினே?”

“அது... சித்தி வீட்டுல.”

“உன் சித்தி தலைநகருக்குக் குடிபோயி வருசமாச்சே. சரி, காசு யாரு குடுக்கா?”

“சனிக்கிழமை தாரேன்க்கா.”

“எப்பத் திரும்பி வருவே?”

“இந்தா, இப்ப வந்திருவேன்.”

அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே எவாரிஸ்தோ இதைக் கேட்டுக்கொண்டிருப்பான். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறான், இன்னும் அலுக்கவில்லை. பாத்தியில் வெயில் முதுகைப் பிளக்கும்போது அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத் தனியாகச் சிரிப்பான். வாருபலகை அவன் கையில் ஆடும். பக்கத்துப் பாத்திக்காரர்கள் வெயில் தலைக்கேறிவிட்டது என்று தண்ணீர் கொண்டு வருவார்கள்.

அவர்கள் மகள் யுதெல்கா லாரன்ஸில் இருந்தாள். லாரன்ஸ் நியூயார்க்கில் இருக்கிறது. அப்படி இல்லை என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருமுறை வரைபடத்தோடு வந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது எல்லாமே நியூயார்க்தான் என்று ஊர் அவரைத் திருத்தி அனுப்பியது. யுதெல்காவுக்குக் கிட்டங்கியில் பெட்டி கட்டுகிற வேலை. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறான். கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டான். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அப்போது பக்கத்தில் ஒரு வாய் வெந்நீர் கொடுக்கக்கூட ஆளில்லை. இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள்.

பிள்ளை பெற்றவளை நாற்பத்தொரு நாள் காக்க வேண்டும். காதில் பஞ்சு, தலையில் துணி. பச்சைத் தண்ணீர் ஆகாது, வாசல் காற்று ஆகாது. தினமும் நாட்டுக்கோழி சூப். அதை வைத்துக் கொடுக்க வேண்டியவள் தாய். தாய் இல்லாதவளுக்குத்தான் வேறு ஆள் பார்ப்பார்கள்.

“எனக்குத் தாய் இருக்கா. விசாதான் இல்ல” என்றாள் யுதெல்கா போனில்.

விசா இல்லாமல் போனதற்குக் காரணம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை நெரெய்தா தூதரகத்துக்குப் போய்த் திரும்பியிருந்தாள். முதல் முறை, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள், “பயணச் செலவு யார் கொடுப்பது?” என்று கேட்டாள். ஊரையே கேள்வியால் வறுத்தெடுக்கிற நெரெய்தாவின் வாயிலிருந்து, “சனிக்கிழமை தாரேன்” என்று வந்தது. “எப்போது திரும்புவீர்கள்?” என்றதற்கு, “இந்தா, இப்ப வந்திருவேன்” என்றாள். அந்த அம்மாள் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாம் முறை பாஸ்டர் எலிசெயோ யோசனை சொன்னார். பிள்ளைப்பேறு, சூப்பு என்று வாயே திறக்கக்கூடாது. சுற்றுலா விசா கேட்பவள் சுற்றிப் பார்க்கத்தான் போக வேண்டும். அங்கே கடலுக்குள் ஒரு பெரிய சிலை நிற்கிறது, அதைப் பார்க்கப் போவதாகச் சொல்லச் சொன்னார். அப்படியே சொன்னாள். எத்தனை நாள் என்று கேட்டார்கள். நாற்பத்தொரு நாள் என்றாள்.

“ஒரு சிலையைப் பார்க்க நாற்பத்தொரு நாளா?”

“ரொம்பப் பெரிய சிலைன்னு சொன்னாங்க.”

பாஸ்போர்ட் மறுபடியும் கைக்கு வந்தது.

வேறொருத்தியாக இருந்தால் வீட்டுக்கு வந்து படுத்திருப்பாள். நெரெய்தா மறுநாளும் சூரியனை முந்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். ஆனால் அன்றிலிருந்து கேள்விகள் மாறிவிட்டன. தூதரகத்தில் தன்னைக் கேட்டதையும், அங்கே பக்கத்து ஜன்னல்களில் மற்றவர்களைக் கேட்டதையும் ஒரு சொல் சிந்தாமல் மனதில் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். எதிரே வந்து நிற்கிறவனிடம் எல்லாம் அதைப் பிரயோகித்தாள். “பயணத்தோட நோக்கம் என்ன? அங்க யாரு இருக்கா? நீ திரும்பி வர இங்க உன்னைக் கட்டிப்போட என்ன இருக்கு?” பதில் பிடிக்காவிட்டால், “கட்டு பலமில்ல, அடுத்த தடவை வா” என்று ஜன்னல் கதவைச் சாத்திவிடுவாள். பசியோடு போனவர்கள் உண்டு.

விஷயம் பரவியது. நேர்காணலுக்குத் தேதி வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் இந்த ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள். சோம்பேறியையும் பொய்யனையும் அவள் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்தாள். பயந்தவனை மட்டும் திரும்பத் திரும்ப வரச் சொன்னாள், பயம் தெளிகிற வரை. அவளிடம் தேறியவர்களை உண்மையான தூதரகம் திருப்பி அனுப்பியதே இல்லை. முடிதிருத்துகிற சிச்சீ, தன் மச்சானுக்குத் துணையாகத் தலைநகர் போனவன், கூட்டத்தில் ஜன்னல் வரை தள்ளப்பட்டான். அங்கே கேட்டதற்கெல்லாம் நெரெய்தாவிடம் ஏற்கெனவே சொன்ன பதில்களையே சொன்னான். விண்ணப்பமே போடாத அவனுக்கு விசா கிடைத்தது. மச்சான் இன்னும் இங்கேதான் இருக்கிறான். நம்பாதவர்கள் அவனிடமே கேட்கலாம்.

யுதெல்காவுக்கு எட்டாவது மாதம் தொடங்கியபோது நெரெய்தாவுக்கு மூன்றாவது தேதி வந்தது. இது தவறினால் அடுத்தது பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகுதான்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பாத்தியில் விளைந்து கிடந்த உப்பு கண்ணெதிரே கரைந்து மறுபடி கடலாகிக்கொண்டிருந்தது. குவித்ததை மட்டும் ஓலை போட்டு மூடிவிட்டு ஆட்கள் கொட்டகையில் ஒடுங்கினார்கள். கடைக்காரர் பேர்சியோ சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து எவாரிஸ்தோ பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏன்வே, உம்ம பொஞ்சாதி ஊருக்கெல்லாம் விசா வாங்கிக் குடுக்கா. அவளுக்கு மட்டும் ஏன் கிடைக்க மாட்டேங்கு?”

“அதைத்தான் நானும் யோசிக்கேன்.”

“யோசிச்சு என்ன கண்டீரு?”

எவாரிஸ்தோ கரைகிற உப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவ ஜன்னலுக்கு உள்ள இருந்து பழகினவ, வே. வெளிய நின்னதே இல்ல. வெளிய நிக்கிறவன் என்ன பேசுவான்னு அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் நம்ம பயலுவ பேசுறதுதான். அதான் ‘சனிக்கிழமை தாரேன்’னு வந்துட்டு.”

பேர்சியோ சாக்கைத் தலையிலிருந்து எடுத்தார். “வே, நீரு முட்டாள்னுல்லா நான் இத்தனை நாளும் நினைச்சிருந்தேன்?”

“முட்டாள்தான். மழையில சும்மா உக்காந்திருந்தா யாருக்கும் ரெண்டு புத்தி வரும்.”

வீட்டில் போய்ச் சொன்னான். நெரெய்தா மாவில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். சட்டியில் கிடந்தது கருகியது. அவள் கையில் யானிகேக்கே கருகியது அந்த ஒரு தடவைதான். அதை வாங்கியவன் தின்னாமல் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான்.

“அப்ப நான் வெளிய நின்னு பழகணும்” என்றாள்.

உள்ளே யார் உட்காருவது? பேர்சியோ முயன்றார். முதல் கேள்வி கேட்டார், இரண்டாவதில் தன் வயிற்றுவலியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாஸ்டர் எலிசெயோ ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடித்தார். நடுவில் கேள்வி நுழைய இடம் இல்லை. கடைசியில் எவாரிஸ்தோ உள்ளே உட்கார்ந்தான். அவள் மழையில் ஒரு வாழை இலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். வரிசையும் அவளுக்குப் பின்னால் நின்றது, வேடிக்கையும் ஆச்சு, பலகாரமும் ஆச்சு என்று.

“பேரு?” என்றான் எவாரிஸ்தோ.

“நெரெய்தா.”

“எங்க போறீங்க?”

“மக வீட்டுக்கு.”

“சரி. குடுத்தாச்சு.”

“என்ன குடுத்தாச்சு?”

“விசா.”

“ஏ மனுசா! ரெண்டு கேள்விதான கேட்டிருக்கீரு?”

“பதில் நல்லா இருந்துதே.”

“சந்தேகப்படணும்! என்னை நம்பக்கூடாது நீரு!”

“முப்பது வருசமா நம்பிட்டேன். இன்னைக்கு ஒரு நாள் எப்படி நிப்பாட்டுறது?”

வரிசை சிரித்தது. நெரெய்தா சிரிக்கவில்லை; இலையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“இன்னொரு மட்டம். முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிடும்.”

அவன் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. “எண்ணே, ரெண்டு குடுங்க. சனிக்கிழமை.” எவாரிஸ்தோ எடுத்துக் கொடுத்தான். அடுத்த கை நீண்டது, அதற்கும் கொடுத்தான். ஒரு குழந்தை பார்த்தது, கொடுத்தான். குழந்தையின் நாயும் பார்த்தது. மூன்றாவது ஒத்திகை முடிவதற்குள் நெரெய்தா பொரித்து வைத்தது முழுதும் ஊர் வயிற்றுக்குள் போயிருந்தது. நாய் நடக்க முடியாமல் ஜன்னலுக்குக் கீழேயே படுத்துவிட்டது.

அவள் உள்ளே வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

“இந்தச் சட்டியை உம்ம கையில ஒரு மாசம் குடுத்துட்டுப் போனேன்னு வையும், திரும்பி வரும்போது ஜன்னல்கூட இருக்காது. அதையும் கேட்டவனுக்குக் கழட்டிக் குடுத்திருப்பீரு.”

“கேக்கான்னா அவனுக்கு என்ன அவசியமோ” என்றான் எவாரிஸ்தோ.

தேதியன்று முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். நெரெய்தா அண்டை வீட்டுக்காரியின் மூடிய செருப்பைப் போட்டிருந்தாள். அது ஒரு காலைக் கடித்தது. மணல் குன்றுகள் பின்னால் போயின, கரும்பு லாரிகள் எதிரே வந்தன. அவள் வாய்க்குள்ளேயே பதில்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். எவாரிஸ்தோ மடியில் ஒரு தகர டின். விடியற்காலையில் பொரித்து அடுக்கிய யானிகேக்கே.

தூதரக வாசலில் அவள் டின் மூடியை ஒரு தட்டுத் தட்டினாள். “இது நம்ம மத்தியானத்துக்கு. நான் வெளிய வந்த பிறகுதான் திறக்கணும். காதுல விழுந்துதா?”

“விழுந்துது.”

“என்ன சொன்னேன்?”

“நீ வந்த பிறகு.”

“ம்” என்று உள்ளே போனாள். செருப்பு கடித்த காலைக்கூட அவள் சற்று ராஜநடையாகத்தான் எடுத்து வைத்தாள் என்று எவாரிஸ்தோவுக்குப் பட்டது.

எதிர்ச்சாரியில் ஒரு வாதுமை மரம். உள்ளே போனவர்களின் போனையும் பையையும் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் அதன் அடியில் காத்திருந்தார்கள். அந்த மரத்தடியில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். கையில் பாஸ்போர்ட்டோடு வந்தால் இல்லை என்று அர்த்தம். வெறுங்கையோடு வந்தால் பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள், விசா ஒட்டித் தருவார்கள் என்று அர்த்தம். உலகத்தில் வெறுங்கையோடு வருகிறவனுக்குக் கைதட்டுகிற இடம் அது ஒன்றுதான்.

ஒரு நடுவயதுக்காரி பாஸ்போர்ட்டோடு வந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள். தம்பியின் கல்யாணமாம். எவாரிஸ்தோ டின்னைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். மூடியைத் திறந்தான்.

“சாப்பிட்டுட்டு அழுங்கம்மா. வெறும் வயித்துல அழுதா தலைவலிக்கும்.”

ஒன்று குறைந்தால் தெரியாது. அவள் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது நெரெய்தா வெளியே வந்தாள். கை இரண்டையும் பாவாடை மடிப்பில் மறைத்திருந்தாள். மரத்தடி முழுதும் எழுந்து நின்றது. தெருவைக் கடந்து, நிழலுக்கு வந்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் கைகளை எடுத்து விரித்துக் காட்டினாள்.

வெறுங்கை.

மரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் கிளம்பிப் போகிற அளவுக்குக் கைதட்டினார்கள். எவாரிஸ்தோவால் தட்ட முடியவில்லை. டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்ன கேட்டாங்க?”

“எங்க கேட்டாங்க? நான்தான் கேட்டேன்” என்றாள் நெரெய்தா. வேரின் மேல் உட்கார்ந்துகொண்டாள். “கண்ணாடிக்கு உள்ள ஒரு பையன். மூக்கு சிவந்து ஒழுகுது. துடைச்சுப் போட்ட காகிதம் பக்கத்துல உப்பு அம்பாரம் மாதிரி கிடக்கு. அவன் வாயைத் திறக்குமுன்ன என் வாய் திறந்துட்டு. ‘எய்யா, எங்க இருந்து வாரே நீ?’ன்னு கேட்டுட்டேன்.”

“அவன் சொன்னானா?”

“ஜன்னல்ல நான் கேட்டு யாரு சொல்லாம இருந்திருக்கா? நெப்ராஸ்காவாம்.”

“அது எங்க இருக்கு?”

“நியூயார்க்லதான் இருக்கும். எத்தனை நாளைக்கு வந்திருக்கேன்னு கேட்டேன். ரெண்டு வருசமாம். இங்க யாரு இருக்கா? யாருமில்லையாம். சோறு? டப்பாவுல வாரதைச் சுட வச்சுத் திங்கானாம். ஊருல ஒரு அம்மா, ஒரு நாய். கல்யாணம் ஆகல. வீடு, நிலம் ஒண்ணும் கிடையாது. ‘அப்ப எய்யா, உன் ஊருல உன்னைக் கட்டிப்போட ஒண்ணுமே இல்லையே, உனக்கு எப்படி நான் குடுக்கிறது? கட்டு பலமில்ல, அடுத்த தடவை வா’ன்னுட்டேன்.”

எவாரிஸ்தோவும் வேரில் உட்கார்ந்தான். “அடிப்பாவி! விசா குடுக்கிறவனுக்கே விசா இல்லைன்னுட்டியா?”

“பழக்கம். வாயில இருந்து விழுந்த பிறகுதான் பாக்கேன், வெளிய நிக்கிறது நானு. பக்கத்து ஜன்னல்ல ரேகை வச்சவன் விரலை எடுக்க மறந்துட்டான். அந்தப் பையன் என்னையே பாத்தான். எனக்கு யுதெல்கா ஞாபகம் வந்துட்டு. போச்சு, என் பிள்ளைக்கு மறுபடியும் யாருமில்லன்னு நினைச்சேன். அப்புறம் அவன் சிரிச்சான், பாரும். சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, தண்ணி குடிச்சு, ‘அம்மா, நீங்க எதுக்குப் போறீங்க?’ன்னான்.”

“சிலையைச் சொன்னியா?”

“மனப்பாடம் பண்ணினது ஒண்ணும் வரல. ‘கோழி சூப் வைக்க’ன்னேன்.”

எவாரிஸ்தோ வாயைப் பொத்திக்கொண்டான்.

“எல்லாத்தையும் சொன்னேன். முதப் பிள்ளை போனது, காதுல பஞ்சு வைக்கிறது, நாற்பத்தொரு நாளு. சூப்புல என்னென்ன போடுவீங்கன்னு கேட்டான். சொன்னேன். மூக்கைத் துடைச்சுக்கிட்டே கேட்டான், பாவம். அப்புறம் முகத்தைக் கல்லாக்கிக்கிட்டான். உமக்கு வரவே வரலைல்லா, அந்த மாதிரி. ‘அது முடிஞ்ச பிறகு நீங்க திரும்பி வருவீங்கன்னு நான் எப்படி நம்புறது?’ன்னான்.”

“நீ என்ன சொன்னே?”

நெரெய்தா செருப்பு கடித்த காலைத் தடவிக்கொண்டாள். “உம்மைச் சொன்னேன்.”

“என்னையா?”

“‘எய்யா, நான் இல்லாதப்போ என் ஜன்னல்ல என் புருசன் உக்காருவாரு. அவருக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது. கேட்டவனுக்கும் குடுப்பாரு, கேக்காதவனுக்கும் குடுப்பாரு, நாய்க்கும் குடுப்பாரு. ஒத்த நாள் நான் பிந்தினாலும் எனக்குன்னு வீட்டுல ஒரு சுவரு மிஞ்சாது. அந்த மனுசன் ஒருத்தரு போதும் என்னைக் கட்டி இழுக்க’ன்னேன். பாஸ்போர்ட்டை உள்ள இழுத்து வச்சுக்கிட்டான்.”

எவாரிஸ்தோவின் முகம் தொங்கிப்போயிற்று.

“ஊரு பேரு தெரியாதவன்கிட்ட என்னைப் பத்தி இப்படியா சொல்லுவே? நான் என்ன அவ்வளவு ஏமாளியா?”

“சரி, கோவிக்காதீரு. பசிக்கி. டின்னை எடும்.”

அவன் எடுக்கவில்லை. நெரெய்தா சுற்றிலும் பார்த்தாள். தம்பி கல்யாணத்துக்குப் போக முடியாதவள் விரலை நக்கிக்கொண்டிருந்தாள். பை காக்கிற கிழவர் மீசையில் பொருக்கு ஒட்டியிருந்தது. தூதரக வாசல் காவல்காரர் மரத்தடியைப் பார்த்து நன்றியோடு கையசைத்தார்.

அவளே கை நீட்டி மூடியைத் திறந்தாள். டின்னின் அடியில் கொஞ்சம் உப்பு மட்டும் கிடந்தது.

அதை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

“நாற்பத்திரண்டாம் நாளு காலையில வந்திருவேன்” என்றாள் நெரெய்தா. “முந்தின நாளே பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லும். டின்னை வீட்டுல வச்சுட்டு வாரும்.”